உங்களுக்குத் தெரியுமா? நீச்சல் குளமும் தலைமுடியும்

ஏப்ரல் பிறந்துவிட்டால் தமிழகத்து நீச்சல் குளங்களில் கோடைப் பயிற்சி முகாம் களைகட்டிவிடும். காலை ஆறு மணிக்கே பிள்ளைகளை அழைத்துவந்து நிற்கும் அம்மாக்கள் கோச்சிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "சார், குளோரின் தண்ணியில முடி போயிடாதே?" குளோரின் முடியை என்ன செய்கிறது, என்ன செய்வதில்லை, வீட்டிலேயே செய்யக்கூடிய பாதுகாப்பு என்ன? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கறுப்பு முடி செம்பட்டையாவது ஏன்?

தினமும் நீந்துகிறவர்களின் தலையைக் கவனியுங்கள். நெற்றியோரத்து முடியும் நுனி முடியும் பழுப்பேறி, வெயிலில் செம்பட்டையாகத் தெரியும். முடிக்குக் கறுப்பைத் தருவது மெலனின் என்னும் நிறமி. குளோரின் முடிக்குள் புகுந்து இந்த நிறமியைச் சிதைக்கிறது. ஜப்பானின் முன்னணி நீச்சல் வீரர்களிடம் நடத்தி 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று இதைக் காட்டியது. நம்மைப் போலவே கறுப்பு முடி கொண்ட அவர்களில் பலருக்கு முடி பொன்னிறமாகியிருந்தது. மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால், மேற்புறச் செதில்கள் பெயர்ந்து, உள்ளே நிறமித் துகள்கள் சிதைந்திருந்தன. வேகமாக நீந்தும்போது தண்ணீர் முடியை உரசுவதும் செதில்கள் பெயர ஒரு காரணம் என்றார்கள் ஆய்வாளர்கள்.

பச்சை முடிக்குக் குற்றவாளி குளோரின் அல்ல

வெளிநாடுகளில் பொன்னிற முடிக்காரர்கள் நீந்தி நீந்தி முடி பச்சையாகிவிட்டது என்று புலம்புவது வழக்கம். பழி குளோரின்மீது விழுந்தாலும் உண்மைக் காரணம் செம்பு. தண்ணீரில் கரைந்திருக்கும் செம்பு முடியின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு பச்சை நிறம் காட்டுகிறது. குளோரின் முடியைச் சேதப்படுத்தி, செம்பு ஏற வழி செய்து கொடுக்கிறது, அவ்வளவுதான். நம் கறுப்பு முடியில் இந்தப் பச்சை கண்ணுக்குத் தெரியாது. நரைத்த முடியிலும் பிளீச் செய்து கலர் அடித்த கற்றைகளிலும் தெரியும்.

அந்தச் செம்பு எங்கிருந்து வருகிறது?

மூன்று வழிகளில் வரலாம். பாசி பிடிக்காமல் இருக்கக் குளத்தில் போடும் மயில்துத்தம் ஒன்று. அது செம்பின் சல்பேட் உப்பு. செம்புக் குழாய்கள் இரண்டாவது. வெந்நீர்க் குளங்களில் உள்ள ஹீட்டரின் செம்புச் சுருள் மூன்றாவது. தண்ணீரில் அமிலத்தன்மை கூடினால் குழாயிலிருந்தும் சுருளிலிருந்தும் செம்பு அதிகமாகக் கரையும்.

ஒலிம்பிக் குளமே பச்சையான கதை

2016 ரியோ ஒலிம்பிக்கில், மரியா லென்க் நீச்சல் அரங்கின் டைவிங் குளம் ஆகஸ்ட் 9 அன்று பளீரென்ற பச்சையாக மாறி உலகத்தையே திகைக்க வைத்தது. குளத்தில் தவறுதலாகச் சேர்க்கப்பட்ட ஹைட்ரஜன் பெராக்சைடு, குளோரினின் சக்தியை முறித்துவிட்டது. காவல் இல்லாத தண்ணீரில் பாசி வளர்ந்தது. குளோரின் இல்லாவிட்டால் ஒரு குளம் எத்தனை சீக்கிரம் கெட்டுப்போகும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். ஆகவே குளோரின் நமக்கு எதிரி இல்லை. கிருமிகளிடமிருந்து காக்கும் காவலாளி. முடியைக் காப்பது மட்டும் நம் பொறுப்பு.

துணி வெளுக்க வந்த குளோரின்

சுவீடனைச் சேர்ந்த மருந்தாளர் கார்ல் ஷீலே 1774இல் குளோரின் வாயுவை முதலில் தயாரித்தார். அது ஒரு தனிமம் என்று 1810இல் உறுதிசெய்து பெயர் வைத்தவர் ஹம்ப்ரி டேவி. இடையில் 1799இல், ஸ்காட்லாந்தின் சார்லஸ் டென்னன்ட் சுண்ணாம்பில் குளோரினை ஏற்றிச் செய்யும் பிளீச்சிங் பவுடருக்குக் காப்புரிமை பெற்றார். பருத்தித் துணியை வெளுக்கத்தான் அது பயன்பட்டது. மழை வெள்ளம் வடிந்ததும் நம் தெருவோரங்களில் தூவுகிறார்களே, அதே பிளீச்சிங் பவுடர்தான் இன்றும் பல குளங்களில் கிருமிநாசினி. துணியை வெளுக்கும் பொருள் முடியையும் வெளுக்கும் என்பதில் வியப்பில்லை.

முடிக்கு இயற்கை போட்ட மழைக்கோட்டு

ஒவ்வொரு முடியின் மேலும் ஐந்து முதல் பத்து அடுக்குச் செதில்கள் ஓட்டு வீட்டுக் கூரைபோல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கின்றன. இவற்றின் மேற்பரப்பில் கொழுப்பு அமிலத்தால் ஆன, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் ஒன்று உண்டு. ஆரோக்கியமான முடியில் தண்ணீர் சட்டென்று ஊறாமல் வழுக்கி ஓடுவதும், முடி பளபளப்பதும், சிக்கு குறைவாக விழுவதும் இந்தப் படலத்தால்தான். குளோரின், ஹேர் டை, காரம் மிகுந்த சோப்பு ஆகிய மூன்றும் இதை அரிக்கும். ஒருமுறை போனால், அந்த இடத்தில் அது மறுபடி வளராது. முடி என்பது உயிரில்லாத இழை. தோலில் விழுந்த கீறல் ஆறுவதுபோல் முடிச் சேதம் தானாக ஆறாது. வந்தபின் சரிசெய்வதைவிட வருமுன் காப்பது இதில்தான் மிகவும் பொருந்தும்.

கம்பளி சொல்லும் பாடம்

ஜெர்மானிய வேதியியலாளர் ஆல்வோர்டன் 1916இல் ஒரு விந்தையைக் கண்டார். கம்பளி இழையைக் குளோரின் கரைந்த தண்ணீரில் போட்டதும், அதன் மேற்பரப்பில் வரிசையாகக் கொப்புளங்கள் எழும்பின. குளோரின் செதிலுக்குள் புகுந்து அங்குள்ள புரதத்தைக் கரைத்துவிட, தண்ணீரை இழுத்துக்கொண்டு மேல்தோல் உப்பிவிடுகிறது. மனித முடியும் கம்பளியும் கெரட்டின் என்னும் ஒரே வகைப் புரதத்தால் ஆனவை; மனித முடியிலும் இதே கொப்புளம் எழும். ஆய்வுக்கூடத்தில் பயன்படுத்தும் குளோரின் நீர் நீச்சல் குளத்துத் தண்ணீரைவிடப் பல மடங்கு காரசாரமானது என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். குளத்தில் ஒரு நாளில் எதுவும் ஆகிவிடாது. மாதக்கணக்கில் பாதுகாப்பில்லாமல் நீந்தினால்தான் சேதம் சேர்ந்துகொண்டே போகும்.

வாஷிங் மெஷினில் போட்டாலும் சுருங்காத கம்பளி உடைகளைத் தயாரிக்க, ஆலைகளில் குளோரினைக் கொண்டே கம்பளியின் செதில்களை மட்டுப்படுத்துகிறார்கள் என்பது கூடுதல் தகவல்.

மூக்கைத் துளைக்கும் வாடை எதைக் காட்டுகிறது?

குளத்தின் பக்கம் போனதும் குப்பென்று வாடை அடித்தால், "குளோரின் நிறையப் போட்டிருக்காங்க, தண்ணி சுத்தமா இருக்கும்" என்று நினைக்கிறோம். விஷயம் நேர்மாறு. குளோரின் வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்தால் குளோரமைன் என்ற பொருட்கள் உண்டாகின்றன. அந்த வாடையும், கண் சிவப்பதும், தொண்டை கரகரப்பதும் பெரும்பாலும் இவற்றால்தான். நன்றாகப் பராமரிக்கும் குளத்தில் வாடை மிகக் குறைவாகவே இருக்கும்.

ஒரு நிமிட ஷவர்

குளத்தில் இறங்குமுன் ஒரே ஒரு நிமிடம் ஷவரில் நின்றால், உடம்பில் உள்ள அழுக்கின் பெரும்பகுதி போய்விடும் என்கிறது அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம். அழுக்கு குறைந்தால் குளோரமைன் குறையும். பத்துப் பேர் குளிக்காமல் இறங்கினால் பதினோராவது ஆளின் கண்ணும் எரியும். "குளிச்சிட்டு இறங்குங்க" என்று குளத்துக்காரர்கள் எழுதிப் போடுவது சம்பிரதாயத்துக்கு இல்லை.

முதலில் நல்ல தண்ணீரைக் குடிக்கட்டும் முடி

அந்த ஷவரில் தலையையும் நன்றாக நனையுங்கள். முடி தன் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு வரை தண்ணீரை உறிஞ்சும். காய்ந்த தலையோடு குதித்தால் உறிஞ்சுவது முழுவதும் குளோரின் தண்ணீர். குழாய்த் தண்ணீரில் ஊறிய முடியில் இடம் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். குளத்துத் தண்ணீர் குறைவாகவும் மெதுவாகவும்தான் நுழையும். காசு செலவில்லாத பாதுகாப்பு இது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு குறிப்பைத்தான் பின்பற்ற முடியும் என்றால், இதைப் பின்பற்றுங்கள்.

பாட்டி தடவிய தேங்காய் எண்ணெய்

மும்பை ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டது. தலைக்குக் குளிக்குமுன் தடவினாலும் சரி, குளித்தபின் தடவினாலும் சரி, முடியின் புரத இழப்பைக் கணிசமாகக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. தேங்காய் எண்ணெயில் அதிகம் உள்ளது லாரிக் அமிலம். அதன் மூலக்கூறு சிறியது, நேரானது. அதனால் முடியின் உள்ளே போய் உட்கார முடிகிறது. மினரல் ஆயில் மேலோடு நின்றுவிடும். உள்ளே எண்ணெய் இருந்தால் தண்ணீர் புகுந்து முடி உப்புவது குறையும். நீந்துகிறவர்களுக்கு வேண்டியது இதுதான்.

ஆனால் எண்ணெய் வழிய வழிய இறங்காதீர்கள்

எண்ணெய் குளத்தில் கலந்தால் குளோரின் அதோடு மல்லுக்கட்டியே வீணாகும், வடிகட்டியும் அடைத்துக்கொள்ளும். எண்ணெய்த் தலையோடு வந்தால் உள்ளே விட மாட்டோம் என்று பல குளங்களில் கண்டிப்பாகச் சொல்வது நியாயமே. முதல் நாள் இரவே சில சொட்டுகளை நுனி முடிவரை நீவிவிடுங்கள். இரவுக்குள் ஊற வேண்டியது ஊறிவிடும். காலையில் ஷவரில் மேலோட்டமான எண்ணெய் வழிந்துவிடும். பிறகு தொப்பி போட்டுக்கொண்டு இறங்கலாம்.

எண்ணெய் தடவுகிறவர் லேடெக்ஸ் தொப்பி வாங்க வேண்டாம்

நீச்சல் தொப்பியில் பொதுவாக மூன்று வகை உண்டு. லேடெக்ஸ் இயற்கை ரப்பர். விலை குறைவு, ஆனால் முடியைப் பிடித்து இழுக்கும், எண்ணெய் பட்டால் சீக்கிரம் பிசுபிசுத்துக் கிழியும். சிலிக்கான் தடிமனானது, இழுவை குறைவு, நீண்ட நாள் உழைக்கும், எண்ணெயையும் ஓரளவு தாங்கும். மூன்றாவது துணித் தொப்பி. போட எளிது, குழந்தைகள் அழமாட்டார்கள், ஆனால் தண்ணீர் தாராளமாக உள்ளே போகும். நீண்ட முடிக்கும் தினசரி நீச்சலுக்கும் சிலிக்கான்தான் ஏற்றது.

தொப்பி தண்ணீரைத் தடுக்கத்தானே?

முழுக்கத் தடுக்காது. எந்தத் தொப்பியானாலும் காதோரமும் பிடரியிலும் கொஞ்சம் தண்ணீர் நுழையத்தான் செய்யும். அப்படியானால் எதற்குத் தொப்பி? உள்ளே புகுந்த கொஞ்சம் தண்ணீர் அங்கேயே தேங்கி நிற்கும். புதுப்புதுக் குளோரின் தண்ணீர் முடியைக் கழுவிக்கொண்டே இருக்காது. தண்ணீரின் உரசலும் முடிமேல் படாது. ஜப்பானிய ஆய்வு சொன்ன இரண்டு காரணங்களுக்கும் தொப்பி அணை போடுகிறது.

நீண்ட கூந்தலுக்குத் தொப்பி போடும் முறை

நனைத்த முடியைத் தளர்வாகப் பின்னி, பிடரிக்கு மேலே தட்டையாகச் சுற்றிக்கொள்ளுங்கள். உச்சியில் கொண்டை போட்டால் தொப்பி வழுக்கிக் கழன்றுவிடும். இரும்புக் கிளிப், ஹேர்பின் வேண்டாம். தொப்பியும் கிழியும், தலையிலும் குத்தும். துணி சுற்றிய ரப்பர் பேண்ட் போதும். தொப்பியின் முன்விளிம்பை நெற்றியில் பதித்து, பின்னால் இருந்து ஒருவர் இழுத்துவிட்டால் ஒரு நொடி வேலை.

இரட்டைத் தொப்பி ரகசியம்

ஒலிம்பிக் வீரர்கள் பலர் இரண்டு தொப்பி போடுகிறார்கள். உள்ளே லேடெக்ஸ், வெளியே சிலிக்கான், நடுவில் நீச்சல் கண்ணாடியின் பட்டை. கண்ணாடி நழுவாது, மேல்தொப்பி சுருக்கமில்லாமல் வழவழவென்று நிற்பதால் தண்ணீரின் எதிர்ப்பும் குறையும். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 7 தங்கம் வென்ற மார்க் ஸ்பிட்ஸ் தொப்பியே இல்லாமல், மீசையும் வைத்துக்கொண்டு நீந்தினார் என்பதை இன்றைய வீரர்கள் நம்புவதே கடினம்.

கூந்தலுக்காக நடந்த ஒரு போராட்டம்

அடர்த்தியான சுருள் முடிக்கும் சடைகளுக்கும் வழக்கமான தொப்பி போதவில்லை என்பதால், லண்டனில் 'சோல் கேப்' என்ற பெரிய தொப்பியை உருவாக்கினார்கள். டோக்கியோ ஒலிம்பிக்குக்கு முன், 2021இல், சர்வதேச நீச்சல் கூட்டமைப்பு அதற்கு அனுமதி மறுத்தது. தலையின் இயல்பான வடிவத்தை அது ஒட்டியிருக்கவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். பிரிட்டனுக்காக ஒலிம்பிக்கில் நீந்திய முதல் கறுப்பினப் பெண் ஆலிஸ் டியரிங் இந்தத் தொப்பியின் தூதராக இருந்தார். எதிர்ப்பு வலுத்தது. 2022 செப்டம்பரில் கூட்டமைப்பு அந்தத் தொப்பியை ஏற்றது. முடியின் காரணமாக யாரும் தண்ணீரை விட்டு விலக வேண்டியதில்லை என்ற கோரிக்கை அன்று வென்றது.

அவிழ்ந்த கூந்தல் ஆபத்து

இது அழகு சார்ந்த விஷயமே இல்லை, உயிர் சார்ந்தது. குளத்தின் அடியிலும் பக்கவாட்டிலும் தண்ணீரை உறிஞ்சும் வாய்கள் இருக்கும். மூடி உடைந்திருந்தாலோ, தரமில்லாததாக இருந்தாலோ, நீண்ட முடி அதில் சிக்கிச் சுற்றிக்கொள்ளும். உறிஞ்சு வாயில் சிக்கி உயிரிழந்த ஒரு சிறுமியின் பெயரிலேயே, பாதுகாப்பான மூடிகளைக் கட்டாயமாக்கி அமெரிக்கா 2007இல் சட்டம் கொண்டுவந்தது. பெண் பிள்ளைகளின் முடியைக் கட்டி, தொப்பி போட்டே இறக்குங்கள். உறிஞ்சு வாய்ப் பக்கம் விளையாட வேண்டாம் என்று சொல்லிக்கொடுங்கள். மூடி உடைந்திருப்பது தெரிந்தால் யாரையும் தண்ணீரில் இறக்காமல் உடனே பொறுப்பாளரிடம் சொல்லுங்கள்.

கரையேறிய பிறகும் குளோரின் வேலை செய்யும்

குளத்தை விட்டு வெளியே வந்ததும் அரட்டை, பஜ்ஜி, பைக்கில் வீடு என்று போய்விட்டால், முடியில் ஊறிய குளோரின் காயும்வரை தன் வேலையைத் தொடரும். கரையேறிய கையோடு நல்ல தண்ணீரில் தலையை இரண்டு மூன்று நிமிடம் அலசிவிடுங்கள். ஷாம்பூவை வீட்டில் போட்டுக்கொள்ளலாம். அலசல் மட்டும் அங்கேயே முடிய வேண்டும்.

மீன்தொட்டி மருந்தும் நீச்சல் ஷாம்பூவும்

மீன்தொட்டிக்குக் குழாய்த் தண்ணீர் ஊற்றுமுன் குளோரினை முறிக்கச் சில சொட்டு மருந்து விடுவார்கள். அதில் பெரும்பாலும் இருப்பது சோடியம் தயோசல்பேட். நீந்துகிறவர்களுக்கென்று விற்கும் சில ஷாம்பூக்களிலும் இதே உப்பு சேர்கிறது. ஷாம்பூ வாங்கும்போது உள்ளடக்கப் பட்டியலில் இந்தப் பெயரைத் தேடுங்கள். மீன்தொட்டி மருந்தையே தலையில் ஊற்றிவிட வேண்டாம். அது தோலுக்காகச் செய்ததல்ல.

வைட்டமின் சி குளோரினை முறிக்கும்

அஸ்கார்பிக் அமிலம், அதாவது வைட்டமின் சி, குளோரினோடு சேர்ந்ததும் அதைத் தீங்கில்லாத குளோரைடாக மாற்றிவிடும். வெளிநாட்டு நீச்சல் வீரர்கள் சிலர் வைட்டமின் சி பொடியைத் தண்ணீரில் கரைத்து ஸ்பிரே பாட்டிலில் வைத்திருந்து, நீந்தி முடித்ததும் முடியிலும் உடம்பிலும் தெளித்து அலசுகிறார்கள். அப்படியானால் எலுமிச்சம்பழத்தைத் தேய்க்கலாமா? கூடாது. அதன் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் கொப்புளமும் கருந்திட்டும் வரக்கூடும். கண்ணில் பட்டால் எரிச்சல் வேறு.

போர் தண்ணீர் வீட்டுக்காரர்கள் கவனிக்க

குளத்துச் செம்பும், ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்தால் முடி விறைத்துப் போகும். இந்த உலோகங்களைப் பிடித்து இழுத்துவரும் பொருளின் பெயர் இ.டி.டி.ஏ. அது சேர்ந்த ஷாம்பூவை வாரம் ஒருமுறை போட்டால் போதும். தினமும் போட்டால் முடி வறண்டுவிடும். கடைசி அலசலுக்கு மட்டுமாவது ஒரு சொம்பு நல்ல தண்ணீர் வைத்துக்கொண்டால் வித்தியாசம் கைக்கே தெரியும். உடம்புக்குப் போடும் சோப்பைத் தலைக்குப் போடாதீர்கள். அதன் காரம் செதில்களைத் திறந்துவிடும். உப்புத் தண்ணீரில் சேர்ந்தால் வெள்ளையாகப் படியும்.

கண்டிஷனர் எப்படி ஒட்டுகிறது?

சேதமான முடியின் மேற்பரப்பு எதிர்மின் தன்மை கொண்டது. கண்டிஷனரில் உள்ள பொருட்கள் நேர்மின் தன்மை கொண்டவை. எங்கே சேதம் அதிகமோ அங்கே அதிகமாகப் போய் ஒட்டிக்கொள்ளும். போன படலத்தைத் திருப்பிக் கொண்டுவராது. அடுத்த அலசல்வரை அதன் வேலையைப் பார்க்கும். மண்டைத்தோலில் தேய்க்காமல் காது மட்டத்திலிருந்து நுனிவரை தடவுங்கள்.

ஈர முடியும் சீப்பும்

ஈரத்தில் முடி இழுத்த இழுப்புக்கு வரும், ஆனால் வலு குறைந்திருக்கும். துண்டால் அடித்துத் துவட்டுவதும், ஈரத்தோடு நெருக்கமான சீப்பால் இழுப்பதும் குளோரினைவிட அதிக முடியை உடைக்கும். துண்டில் சுற்றி ஈரத்தை ஒற்றியெடுங்கள். பாதி காய்ந்ததும் அகலப் பல் சீப்பால் நுனியில் தொடங்கி மேலே போங்கள். சுருட்டை முடிக்காரர்கள் கண்டிஷனர் தலையில் இருக்கும்போதே விரலால் சிக்கெடுத்துவிடுவது நல்லது.

உப்பு நீர்க் குளத்தில் குளோரின் இல்லையா?

உண்டு. புதிய அடுக்குமாடிக் குடியிருப்புகளில் "சால்ட் வாட்டர் பூல், குளோரின் பயம் இல்லை" என்று விளம்பரம் செய்கிறார்கள். அந்தக் குளத்தின் கருவி, தண்ணீரில் கரைத்த உப்பிலிருந்து மின்சாரத்தால் குளோரினைத் தயாரித்துக்கொண்டே இருக்கிறது. லிட்டருக்கு 3 கிராம் அளவில் உப்பு இருக்கும். கடலில் 35 கிராம். தண்ணீர் மென்மையாகத் தோன்றினாலும் முடிக்கான பாதுகாப்பு எல்லாம் அங்கேயும் வேண்டும்.

வெயிலும் சேர்ந்தால் இரட்டை அடி

சூரியனின் புற ஊதாக் கதிர் முடியின் புரதத்தையும் நிறத்தையும் தானே சிதைக்கும். குளோரின் தண்ணீரில் நனைந்த முடியோடு உச்சிவெயிலில் நீந்துவது இரண்டு சேதத்தையும் ஒன்றாக வாங்கிக்கொள்வது. திறந்தவெளிக் குளம் என்றால் அதிகாலை அல்லது மாலை வகுப்பைத் தேர்ந்தெடுங்கள்.

வழுக்கை விழுமா?

முடி வளரும் வேர் தோலுக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. குளோரின் தாக்குவது வெளியே நீண்டிருக்கும் தண்டை. ஆகவே நீச்சலால் வழுக்கை விழாது. வழுக்கைக்குப் பரம்பரையும் ஹார்மோனும் முக்கியக் காரணங்கள். எவருக்கும் தினம் 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. தொப்பியைக் கழற்றும்போது அவை மொத்தமாகக் கையோடு வருவதால் பயம் வருகிறது. உதிர்ந்த முடியை எடுத்துப் பாருங்கள். ஒரு முனையில் சிறு வெள்ளைக் குமிழ் இருந்தால் அது வேரோடு இயல்பாக உதிர்ந்தது. குமிழ் இல்லாத துண்டு என்றால் நடுவில் உடைந்தது. கண்டிஷனரும் சீப்பும் கவனிக்க வேண்டியவை. திட்டுத் திட்டாக உதிர்ந்தால் நீச்சலைக் குறை சொல்லிக்கொண்டிராமல் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

பேன் குளோரினுக்குச் சாகாது

நீச்சல் குளத்துக் குளோரின் பேனைக் கொல்லாது. தண்ணீருக்கடியில் பேன் பல மணி நேரம் தாக்குப்பிடிக்கும். நல்ல செய்தி: தண்ணீரில் இருக்கும்போது அது முடியை இறுகப் பிடித்துக்கொள்வதால், குளத்தின் வழியாக அடுத்தவர் தலைக்குப் போவது அரிது. பரவுவதற்கு வாய்ப்பு உடைமாற்றும் அறையில்தான். துண்டு, சீப்பு, தொப்பி மூன்றையும் பிள்ளைகள் மாற்றிக்கொள்ளக் கூடாது. பேன் மருந்து போட்டிருந்தால் ஓரிரு நாள் நீச்சலுக்கு விடுமுறை விடுங்கள். உடனே நீந்தினால் மருந்தின் வேகம் குறையலாம்.

கலர், ஸ்மூத்தனிங் செய்தவர்கள்

சாயமும் ஸ்மூத்தனிங்கும் முடியின் செதில்களைத் திறந்துதான் வேலை செய்கின்றன. அப்படித் திறந்த முடியில் குளோரினும் செம்பும் எளிதாக ஏறும். நீச்சல் முகாமில் சேர்வதாக இருந்தால், இவற்றை முகாம் முடிந்தபின் வைத்துக்கொள்வதே நல்லது. ஏற்கெனவே செய்திருந்தால் சிலிக்கான் தொப்பி இல்லாமல் இறங்க வேண்டாம்.

சேருமுன் கேட்க வேண்டிய கேள்வி

"பி.எச். எவ்வளவு, குளோரின் எவ்வளவு?" என்று குளத்துப் பொறுப்பாளரிடம் கேளுங்கள். பி.எச். 7.2 முதல் 7.8 வரையும், கிருமி கொல்லும் குளோரின் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். பி.எச். குறைந்தால், அதாவது அமிலத்தன்மை கூடினால், செம்பு கரையும். கூடினால் குளோரினின் கிருமி கொல்லும் திறன் குறையும். தினமும் அளந்து பலகையில் எழுதி வைக்கும் குளம் நம்பகமானது. பதில் சொல்லத் தயங்கினால் வேறு குளம் தேடுங்கள்.

சுருக்கமாக நான்கே வேலை

முதல் நாள் இரவு சில சொட்டுத் தேங்காய் எண்ணெய். இறங்குமுன் ஷவரில் தலை நனைத்தல். நீந்தும்போது தொப்பி. ஏறியவுடன் அலசல். செம்பட்டையான பகுதி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும் புது முடியோடு கீழிறங்கி, நுனி வெட்ட வெட்டப் போய்விடும். வேர் நலமாக இருக்கும்வரை முடி திரும்ப வரும்.

முடி கெட்டுவிடும் என்று சொல்லிப் பெண் பிள்ளைகளின் நீச்சலைப் பாதியில் நிறுத்தும் வீடுகள் நம் ஊரில் ஏராளம். உலக அளவில் குழந்தைகளின் உயிரைப் பறிக்கும் முக்கியக் காரணங்களில் நீரில் மூழ்குவதும் ஒன்று என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஏரியும் கிணறும் ஆறும் கடலும் சூழ்ந்த நாட்டில் நீச்சல் என்பது உயிர் காக்கும் கல்வி. அந்தக் கல்வியை முடிக்காகத் தடுக்காதீர்கள், பெற்றோரே. இந்த ஆண்டு உங்கள் மகளையும் நீச்சல் முகாமில் சேர்த்துவிடுங்கள். அவள் பையில் மறக்காமல் ஒரு தொப்பியும் வையுங்கள்.